ஜெர்மனியில் பப்ளிக்கா, பிரைவேட்டா? கையெழுத்துப் போடுவதற்கு முன்

வேலை கிடைத்ததும் எச்.ஆர். கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, எந்த மருத்துவக் காப்பீடு என்பது. ஆண்டுச் சம்பளம் 77,400 யூரோவைத் (2026 கணக்கு) தாண்டவில்லை என்றால் தலைவலியே இல்லை, சட்டப்படி பப்ளிக் எனப்படும் பொதுக் காப்பீடுதான். டிகே, ஏஓகே, பார்மர் என்று ஏதாவது ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டு வீடு தேடும் வேலையைப் பாருங்கள். அதற்கு மேல் வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தப் பஞ்சாயத்து.

பப்ளிக்கில் சம்பளத்தில் 14.6 சதவீதம், அதோடு ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தனியாக வைக்கும் கூடுதல் சதவீதம், இரண்டிலும் பாதியை உங்கள் கம்பெனி கட்டும். ஆண்டுக்கு 69,750 யூரோவுக்கு (இதுவும் 2026 கணக்கு) மேல் உள்ள சம்பளத்துக்குப் பிடித்தம் கிடையாது. ஆக உங்கள் பங்கு மாதம் சுமார் 500 யூரோ, முதுமையிலோ நோயிலோ பிறர் கவனிப்பு தேவைப்பட்டால் உதவும் பராமரிப்புக் காப்பீடு தனி. பிரைவேட்டில் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, வயதையும் உடம்பையும் பார்ப்பார்கள், அதனால் 28 வயது ஆளுக்கு வரும் தொகை ஆசை காட்டும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டும் சீக்கிரம் கிடைக்கும், அது உண்மைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் முதல் வருடப் பிரீமியத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேலைக்குப் போகாத மனைவியோ கணவனோ, பிள்ளைகளோ கூட இருந்தால் பப்ளிக்கில் உங்கள் சந்தாவிலேயே அவர்களுக்கும் காப்பீடு உண்டு, ஒரு யூரோ கூடுதல் இல்லை. பிரைவேட்டில் தலைக்கு ஒரு பாலிசி, தலைக்கு ஒரு பிரீமியம். பிள்ளை பிறந்து விடுப்பில் வீட்டில் இருந்தால் கம்பெனியின் பாதியும் நின்றுபோய் முழுத்தொகையும் உங்கள் தலையில் விழும். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும், சரி, அப்போது பப்ளிக்குக்கு மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது அவ்வளவு சுலபம் இல்லை: சம்பளம் முதலில் சொன்ன 77,400 வரம்புக்குக் கீழே இறங்க வேண்டும், 55 வயதுக்குப் பிறகு கதவு கிட்டத்தட்ட மூடிவிடும்.

சர்க்கரை, தைராய்டு, பழைய முதுகுவலி என்று பிரைவேட்டில் எல்லாம் கேட்பார்கள். ஊரில் பார்த்த வைத்தியம் இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று மறைத்தால், பின்னால் தெரியவரும்போது ஒப்பந்தத்தையே முறித்துவிடலாம். பப்ளிக்கில் இந்தக் கேள்விகளே கிடையாது.

அப்புறம், வாட்ஸ்அப் குழுவில் தானாகத் தேடிவந்து பிரைவேட்டைப் புகழும் அண்ணன் ஏஜென்டா என்று விசாரியுங்கள். 9.9 மாதப் பிரீமியம் வரை கமிஷன் வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது.

பணக்காரரும் இளைஞரும் தனியே விலகிப்போவது நியாயமா என்று ஜெர்மானியர்களே பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள். சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்பிடியும் பசுமைக் கட்சியும் எல்லோருக்கும் ஒரே காப்பீடு வேண்டும் என்கின்றன. அதெல்லாம் நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

என் கருத்து: குடும்பத்தோடு வந்தாலும், கல்யாணம் பண்ணும் எண்ணம் இருந்தாலும், பப்ளிக். தனி ஆள், உடம்பில் ஒரு குறையும் இல்லை, சில வருடத்தில் ஊர் திரும்புவது உறுதி என்றால் பிரைவேட்டை யோசிக்கலாம். அதிகச் சம்பளத்தோடு ஜெர்மனியில் முதல் வேலையில் சேர்பவர்கள் பப்ளிக்கில் விருப்ப உறுப்பினராகச் சேர 3 மாதம்தான் அவகாசம், அதைத் தவறவிடாதீர்கள். பார்க்க வரும் அப்பா அம்மாவை இரண்டிலுமே உங்களோடு சேர்க்க முடியாது. அவர்களுக்கு விசா எடுக்கும்போதே குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.