கேபிள் இறுகினால் எண்ணெய்க் குப்பியைத் தேடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் இரு சக்கர வாகனப் பட்டறைகளில் புதிதாகச் சேரும் பையன்களைப் பார்க்கிறேன். கிளட்ச் இறுக்கமாக இருக்கிறது, ஆக்சிலேட்டர் திரும்பி வரவில்லை என்று வண்டி வந்ததும், கேபிளில் விட, கை எண்ணெய்க் குப்பிக்குத்தான் போகிறது. நாங்கள் தொழில் கற்ற காலத்தில் செய்த அதே கூத்து. இழை பிரிந்த கம்பியை மாற்று, அட்ஜஸ்டர் நட்டை முடுக்கு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிட்டு அடிக்கடி நடக்கும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

கழற்றிப் பார்க்காமல் கேபிள்மேல் பழி போடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். இறுக்கம் மூன்று இடங்களில் இருக்கலாம்: மேலே கைப்பிடியில், நடுவே கேபிளில், கீழே கார்புரேட்டருக்குள் ஆக்சிலேட்டர் கேபிள் தூக்கி இறக்கும் ஸ்லைடிலோ, எஞ்சின் பக்கம் கிளட்ச் கேபிள் இழுக்கும் கையிலோ. முதலில் கீழ் முனையைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியைத் திருகுங்கள். இலகுவாக ஓடினால் கேபிள் நிரபராதி; கோளாறு கீழே. அப்போதும் இறுகினால் மேல் முனையையும் கழற்றி, உள் கம்பியை விரலால் இழுத்துப் பாருங்கள். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

பள்ளத்தூர் இளநீர் வியாபாரி ஒருவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். கைப்பிடியை விட்டாலும் எஞ்சின் வேகம் இறங்கவில்லை. வேறொரு கடையில் கேபிளை மாற்றியிருக்கிறார்கள். சரியாகாமல் மறுபடியும் மாற்றியிருக்கிறார்கள். கீழ் முனையைக் கழற்றியதும் கம்பி வழுக்கிக்கொண்டு ஓடியது. ஸ்லைடை வெளியே எடுத்தால் அதன் ஒரு பக்கம் முழுக்கச் செம்மண்ணும் எண்ணெயும் குழைந்து மெழுகிவிட்டிருந்தது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சு ஓரத்தில் கிழிந்து, நம் ஊர்ப் புழுதிக்கு வழி விட்டிருந்தது. ஸ்லைடைக் கழுவி, ஸ்பாஞ்சை மாற்றியதோடு வேலை முடிந்தது. முதலில் கழற்றிய கேபிளை அவர் பெட்டியில் வைத்திருந்தார். அதில் ஒரு குறையும் இல்லை. பணம் போனதுகூடப் பெரிதல்ல. இந்த வண்டியோடு திருமயம் சாலையில் பஸ்ஸுக்குப் பின்னால் போயிருக்கிறார்!

எந்தக் கேபிளுக்கும் கிரீஸ்

பழைய வகையில் கம்பி நேராக இரும்புச் சுருள் உறையில் உரசும். அதற்கு இளக்கமான எண்ணெய் வேண்டும். மேல் முனையில் விட்டு, கீழே சுத்தமாகச் சொட்டும்வரை இறக்குங்கள். உள்ளே நைலான் அல்லது டெஃப்லான் குழாய் உள்ள கேபிளில் கெட்டி கிரீஸை அடைத்தால் அது புழுதியைச் சேர்த்துத் தேய்ப்புப் பசையாகிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றினால் இருக்கிற வழுவழுப்பும் போய்விடும்.

பழைய உறைக்குள் புதுக் கம்பி

வேண்டாம்.

வளைவைக் கணக்கில் எடுக்காதது

வளைவுகளின் மொத்தக் கோணம் ஏற ஏற, இழுக்கும் பாரம் மடங்கு மடங்காக ஏறும். உராய்வுக் கெழு (கம்பியும் உறையும் எவ்வளவு உரசுகின்றன என்பதன் அளவு) 0.15 என்று வைத்தால், மொத்தம் 180 பாகை வளைந்த கேபிளில் கீழே 10 கிலோ கிடைக்க மேலே 16 கிலோ இழுக்க வேண்டும். 360 பாகையில் அது 25 கிலோவைத் தாண்டும். ஆகவே பழைய கேபிளைக் கழற்றும் முன் அது போகும் வழியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டியபின் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது.

ரப்பர் தொப்பி

ஐப்பசி, கார்த்திகை மழைநீர் லிவர் முனை வழியாக இறங்கி, கேபிள் தொய்ந்த இடத்தில் தேங்கித் துருவாகும். அந்த முனையை மூடும் தொப்பி பிய்ந்திருந்தால் வண்டிக்காரர் கேட்காவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.