தெருவிளக்கு எரியல, இது யார் வேலை? அஞ்சாம் கிளாஸுக்கு குடிமையியல் இப்படியும் நடத்தலாம்

குடிமையியல்னாலே கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சின்னு போர்டுல படம் போட்டு கேள்வி பதில் எழுத வெச்சு முடிச்சிடுறோம், பசங்களும் கடகடன்னு ஒப்பிச்சிடுவாங்க, ஆனா தெருவுல லைட் எரியலன்னா யார்கிட்ட போய் சொல்லணும்னு கேட்டா முழிப்பாங்க. பாடத்த கொஞ்சம் தள்ளி வெச்சிட்டு பிரச்சனைலேர்ந்து ஆரம்பிங்க. 1960கள்ல கனடாவுல மெக்மாஸ்டர் யுனிவர்சிட்டில டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்காக கொண்டுவந்த முறைதான் இது, நம்ம வாண்டுங்களுக்கும் நல்லாவே செட் ஆகும்.

எந்தப் பிரச்சனைய எடுக்குறோம்ங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு. ஊழல், மாசுன்னு பெருசா போகாதீங்க. நடந்து போய் பாக்கற தூரத்துல இருக்கணும், பொறுப்பும் ரெண்டு மூணு இடத்துல பிரிஞ்சு கிடக்கணும். தெருவிளக்கு இதுக்கு சூப்பர், ஏன்னா கம்பமும் லைனும் மின்வாரியத்தோடது, லைட்ட பராமரிக்கறதும் கரண்ட் பில் கட்றதும் ஊராட்சி. குப்பைய எடுத்தா ஊராட்சின்னு ஒரே பதில்ல முடிஞ்சிடும், தேட ஒண்ணும் இருக்காது.

கிளாஸ்ல "ஸ்கூல் தெருவுல ராத்திரி லைட் எரியல, என்ன பண்ணலாம்?"னு கேட்டுட்டு வாய மூடிக்கோங்க. இதுதான் நமக்குக் கஷ்டம், பதில் சொல்லாம இருக்க கை காலெல்லாம் பரபரக்கும். முதலமைச்சருக்கு லெட்டர் போடலாம்பான் ஒருத்தன், சிரிக்காம அதையும் போர்டுல எழுதுங்க. தெரிஞ்சது, தெரியாதது, யார்கிட்ட கேக்கணும்னு மூணு கட்டம் போதும்.

அப்புறம் நாலஞ்சு பேரா பிரிச்சு விடுங்க. எத்தனை லைட் எரியலன்னு அப்பா அம்மாவோட போய் எண்ணிட்டு வரட்டும், கம்பத்துல நம்பர் இருந்தா குறிச்சுக்கட்டும் (கம்பத்துல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிடுங்க). ஊராட்சி செயலரையோ வயர்மேனையோ கிளாஸுக்குக் கூப்பிட்டு பசங்களே கேள்வி கேக்கட்டும், பெரும்பாலும் சந்தோஷமா வருவாங்க. உங்க ஊர்ல ஊராட்சித் தலைவர் இல்லாம தனி அலுவலர் (தலைவருக்குப் பதிலா அரசு போடற அதிகாரி) பொறுப்புல இருந்தா அது ஏன்னும் அவங்களே கேட்டுக்கட்டும், தேர்தல் பாடம் அங்கயே வந்துடும். ஆனா தலைவரோட பேரப்பிள்ளையே உங்க கிளாஸ்ல உக்காந்திருக்கலாம், அதனால ஆளப் பத்தி பேச விடாதீங்க, பொறுப்பப் பத்தி மட்டும் பேசட்டும்.

அடுத்து மனு. அனுப்புநர், பெறுநர், பொருள்னு தமிழ் பாடத்துல படிச்சது இங்க உதவும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு தடவை கூடும், அதுல ஒண்ணு பக்கத்துல வர்ற மாதிரி பிளான் பண்ணுங்க. வாக்காளர் பட்டியல்ல இருக்கறவங்கதான் சபை உறுப்பினர்ங்கறதால மனுவ பெற்றோர் மூலமா குடுக்கணும், "எங்களுக்கு ஏன் இல்ல?"னு யாராவது கேப்பாங்க, 18 வயசு ஓட்டுரிமைய நடத்த அதவிட நல்ல நேரம் கிடைக்காது. லைன்ல கோளாறுன்னா கிராம சபை வரைக்கும் காத்திருக்க வேணாம், மின்வாரியத்தோட புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு ஒரு பெரியவங்க போன் போட்டா போதும்.

மார்க்க லைட் எரிஞ்சுதா இல்லையாங்கறத வெச்சு போடாதீங்க, அது பசங்க கையில இல்ல. இது ஏன் ஊராட்சிக்குப் போகுது, அது ஏன் மின்வாரியத்துக்குப் போகுதுன்னு காரணம் சொல்லத் தெரியுதான்னு பாருங்க. மனு குடுக்கறதுக்கு முன்னாடியே லைட் எரிய ஆரம்பிச்சிட்டா பாதில விட்றாதீங்க, யார் சரி பண்ணாங்கன்னு தேடிப் பிடிச்சு அதே ஃபார்மட்ல ஒரு நன்றிக் கடிதம் எழுத வைங்க.