காலம் கெட்டுப்போச்சு என்கிறோம்: நம்பிக்கை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர் என்று எந்தக் கடற்கரை ஊரிலும் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரே புலம்பல்தான் காதில் விழும். வீட்டில் செபமாலை சொல்வது நின்றுபோச்சு, பிள்ளைகள் போனைக் கீழே வைப்பதில்லை, வாலிபர்களைக் குடி தின்கிறது, படித்தவர்கள் ஊரில் தங்குவதில்லை, கடலிலும் மீன்பாடு இல்லை. இதில் எதையும் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் இப்படிப்பட்ட காலத்தில் கிறிஸ்தவர்கள் எதை நம்பி நிற்கிறோம் என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதில்களில்தான் கோளாறு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற தவறு, பழைய காலம் திரும்பி வந்துவிட்டால் போதும் என்று நினைப்பது. எந்தப் பழைய காலம்? 1530-களில் முத்துக்குளித்துறை என்ற நம் தென்கரையில் பரதவர்கள் என்ற கடல் தொழில் செய்யும் மக்கள் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். முத்துக்குளிப்பில் இருந்த சண்டையில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். 1542-ல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் பலருக்கு எதுவுமே தெரியவில்லை. ஒவ்வொரு ஊராக நடந்து, சிறு பிள்ளைகளைக் கூட்டிவைத்து, செபத்தை முதலில் இருந்து சொல்லிக்கொடுத்தார். 1549-ல் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு கொல்லப்பட்டார். இந்தக் கரையில் விசுவாசம் ஒரு நாளும் சொகுசாக இருந்ததில்லை. முந்திய நாட்கள் இந்நாட்களைவிட நன்றாக இருந்தது ஏன் என்று கேட்காதே, அது ஞானமுள்ள கேள்வி இல்லை என்று சபை உரையாளர் ஏழாம் அதிகாரமும் சொல்கிறது.

ஓரியூர் அருளானந்தரை, அதாவது ஜான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைக் குருவை எடுத்துக்கொள்ளுங்கள். லிஸ்பனில் அரண்மனைச் சூழலில் வளர்ந்தவர். ராமநாதபுரம் சேதுபதி மன்னர் ஆண்ட மறவ நாட்டில் 1686-ல் பிடிபட்டுக் கடுமையாகச் சித்திரவதைப்பட்டார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி அவரைச் சேதுபதி விடுவித்தார். அப்புறம் போர்ச்சுக்கல் போனபோது, சின்ன வயதில் இருந்தே அவரை அறிந்த அரசர் அங்கேயே தங்கச் சொன்னார். தங்கியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பி வந்தார். இந்த முறை நாடு மாறியிருக்கும், மன்னர் மனம் இளகியிருக்கும் என்று யாரும் அவருக்கு உறுதி கொடுக்கவில்லை. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. நிலைமை சீராகும் என்று கணக்குப் போட்டிருந்தால் அவர் கப்பலே ஏறியிருக்க மாட்டார். அவருடைய நம்பிக்கை உயிர்த்த ஆண்டவர் மேல் இருந்தது. ஊர் நிலவரத்தின் மேல் இல்லை. ஓரியூர் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிற நாம், இந்தத் திரும்பி வந்த கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்தது வசன ஸ்டிக்கர். உங்களுக்காக நான் வகுத்திருக்கும் திட்டங்கள் நல்வாழ்வுக்கானவை என்ற எரேமியா 29:11 பல வீட்டுக் கதவில், படகின் அணியத்தில், ஆட்டோ கண்ணாடியில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் ஒட்டுவதில்லை. அதில் எழுபது ஆண்டு என்று இருக்கிறது. பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அனனியா என்ற பொய் இறைவாக்கினர் இரண்டே ஆண்டில் எல்லாம் திரும்பிவிடும் என்று மக்களுக்குப் பிடித்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். எரேமியா சொன்ன கணக்கின்படி, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே சாவார்கள். சரி, அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்கிறது கடிதம். அடுத்த சீசனில் கடன் தீர்ந்துவிடும், மகனுக்கு விசா வந்துவிடும் என்பதற்கு அந்த வசனத்தை ஜாமீனாக வைப்பது அனனியாவின் பக்கம் போய் நிற்பதுதான். எபிரேயர் திருமுகம் நம்பிக்கையை நங்கூரம் என்கிறது. நங்கூரம் போட்டதால் வாடைக்காற்று நின்றுவிடாது என்பதை நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரிவு என்றாலே அடுத்தவர் பாவத்தை மட்டும் எண்ணுவது இன்னொரு தவறு. இது என் மனதை அதிகம் உறுத்துவது. சினிமாவையும் செல்போனையும் திட்டுகிறோம். விசைப்படகு இழுத்துப்போகும் இழுவை மடி வலை கடலின் அடித்தரையைச் சுரண்டி, குஞ்சு மீனோடு சேர்த்து வாரிக்கொண்டு வருவதும் சரிவுதானே? தடை இருந்தும் இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கிற ரெட்டை மடி போடுவது சரிவு இல்லையா? கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவில் யாழ்ப்பாணத்து மீனவர்களோடு ஒரே பூசையில் நின்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அவர்களுடைய வலை நம் விசைப்படகில் மாட்டி அறுந்துபோகிறது என்று அவர்கள் பல ஆண்டாகச் சொல்கிறார்கள். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. பிடிபட்ட நம் பிள்ளைகள் அங்கே சிறையில் கிடப்பது பெரிய வேதனை. அவர்கள் விடுதலைக்காகக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். அதே வாயால் நம் பக்கத்துத் தப்பையும் சொல்ல முடிய வேண்டும். வரதட்சணையும் சாதிவாரிக் கல்லறையும் இந்தக் கணக்கில் வரும். மனந்திரும்ப முடியும் என்று நம்புகிறவர்தான் தன் குற்றத்தைத் தைரியமாகப் பார்ப்பார்.

இன்னும் சில உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தும் செய்திகளை விசாரிக்காமல் அனுப்பிவிட்டு அதை விசுவாச வைராக்கியம் என்று நினைப்பது. உலக முடிவுக்குத் தேதி குறிக்கிறவர்கள் பின்னால் போவது. அந்த நாளும் வேளையும் தந்தைக்குத் தவிர யாருக்கும் தெரியாது என்று இயேசுவே சொல்லிவிட்டார். தேர்பவனிக்குப் போன வருசத்தைவிட அதிக லைட் போட்டால் ஊர் விசுவாசம் நிமிர்ந்துவிடும் என்று வசூல் பண்ணுவது. இறைவாக்கினர் எலியாவைப் போல நான் ஒருத்தன்தான் மிச்சம் என்று உட்கார்ந்துவிடுவது; ஆண்டவர் அவரிடம் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி, அடுத்த வேலைக்கு அனுப்பினார்.

கடைசியாக, நம்பிக்கையைப் பற்றிப் பிள்ளைகளிடம் திட்டும் குரலில் மட்டும் பேசுவது. உங்கள் நம்பிக்கைக்கு யாராவது விளக்கம் கேட்டால் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்கிறார் பேதுரு. கேட்கிறவர் நம் வீட்டுப் பதினைந்து வயதுப் பையனாக இருந்தாலும் அந்த மரியாதை வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அப்பாக்கள் வீட்டில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடமும் பெரும்பாலும் லீவு. மறைக்கல்வியை உபதேசியார் தலையிலும் கன்னியர் தலையிலும் கட்டிவிடாமல், அப்பாக்களே வந்து உட்காரட்டும். நடுக்கடலில் இன்ஜின் நின்ற ராத்திரியில் என்ன செபம் சொன்னார்கள், கரை வந்து சேராதவர்களுக்காக இப்போதும் ஏன் பூசை வைக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். பதில் தெரியாத கேள்வி வந்தால் அதட்டாமல், சேர்ந்து பங்குச்சாமியிடம் போய்க் கேட்கலாம்.