மருத்துவமனைக்குப் போகும்போது கூடவே ஒரு தாள்

வீட்டுப் பெரியவரை மருத்துவமனையில் சேர்க்கிறீர்களா? மருந்துப் பட்டியலோடு, அவரைப் பற்றி ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதித் தாதியிடம் கொடுங்கள். ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும். பிலிப்பீன்ஸ், மியன்மாரிலிருந்து வந்த தாதியரும் இருப்பார்கள். நம் பாட்டியின் முகக்குறிப்பு அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நோய் விவரம் கோப்பில் இருக்கும், அதைத் திரும்ப எழுத வேண்டாம். எந்தக் காது நன்றாகக் கேட்கும், இரவில் எத்தனை முறை கழிவறைக்கு எழுவார், வெள்ளிக்கிழமை சைவமா, இதெல்லாம் போதும். வலியைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுங்கள். 0 முதல் 10 வரை எவ்வளவு வலி என்று கேட்பார்கள். நம் பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டே “பரவாயில்லம்மா” என்பார்கள், தெரிந்ததுதானே! ‘போர்வையை இறுக்கிப் பிடித்தால் வலி அதிகம்’ என்ற ஒரு வரி நிறைய உதவும்.

டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது அறுவை செய்து ரத்தக் குழாய்களை இணைத்த இடம், இருக்கிறதா? அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பரிசோதனைக்கு ரத்தமும் எடுக்கக் கூடாது. வலதா இடதா என்று தாளின் உச்சியில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

அப்புறம், தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வார்டு மாற்றினால் மறுபடி காட்டலாம்.