மெக்சிகோ சந்தையின் நிறங்களைப் படம் பிடிக்க, முதலில் தலைக்கு மேலே பாருங்கள்

மெக்சிகோ நகரத்தின் தெருச் சந்தைக்குள் கேமராவோடு நுழைந்தால் மிளகாய்க் குவியலும் கூறு கட்டி வைத்த பழங்களும்தான் முதலில் இழுக்கும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் தலைக்கு மேலே பாருங்கள். தியாங்கிஸ் என்பது அங்குள்ள வாரச் சந்தையின் பெயர், ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இருந்த நவாட்ல் மொழியிலிருந்து வந்த சொல். தலைநகரின் தியாங்கிஸ்களில் கடைக்குக் கடை இழுத்துக் கட்டியிருக்கும் தார்ப்பாய் பெரும்பாலும் அடிக்கிற ரோஸ் நிறம். வெயில் அதன் வழியாகத்தான் கீழே இறங்குகிறது, அதனால் தக்காளி இன்னும் சிவப்பாகும், கீரைக்கட்டு செத்துப் போனது போல் மங்கும், கடைக்காரரின் முகம் காய்ச்சல்காரர் முகம் மாதிரி ஆகிவிடும். நம் கண் இதை ஒரு நிமிடத்தில் பழகிக்கொள்ளும், கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரு வெள்ளைத் தாளையோ சாம்பல் அட்டையையோ அதே தார்ப்பாய்க்கு அடியில் பிடித்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொள்வது, அதாவது அந்த வெளிச்சத்தில் எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும், வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து மாள முடியாது. இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: கடையின் ஓரத்துக்கு வந்துவிடுங்கள். தார்ப்பாய் முடிகிற இடத்தில், எதிர்ச்சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பக்கவாட்டில் மெதுவாக உள்ளே வரும், ரோஸ் சாயல் கணிசமாகக் குறைந்து பொருளின் சொந்த நிறம் தெரியும். எப்படி எடுத்தாலும் ஒரே படத்துக்குள் பாதி வெயிலும் பாதி தார்ப்பாய் நிழலுமாக மட்டும் வேண்டாம். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும், எந்த மென்பொருளிலும் அது லேசில் தீராது. முழுக்க உள்ளே, இல்லை முழுக்க வெளியே.

நேரம் என்று பார்த்தால் காலை 9 மணியை ஒட்டிப் போங்கள். கடை விரித்து முடிந்திருக்கும், கூறுகள் கலைந்திருக்காது, வெயிலும் சாய்வாக இருக்கும். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே உச்சி வெயில் வெளுத்து வாங்கும், நிழல் கரியாகிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் மழை வரும், அதற்குச் சற்று முன்னால் மேகம் மூடுகிற அந்த நேரம் நிறங்களுக்கு அருமையான நேரம். நான் அதற்காகவே காத்திருந்து எடுத்திருக்கிறேன்.

சரி, சிவப்புக்கு வருவோம், பெரும்பாலான படங்கள் வீணாவது இங்கேதான். காய்ந்த மிளகாயில் குவாஹியோ பளபளக்கும் அடர்சிவப்பு, ஆஞ்சோ கிட்டத்தட்டக் கறுப்பு. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம், கேமராவில் சாதாரணமாக வைத்திருந்தால் எல்லாம் சரி என்று காட்டும், ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் என்று கேமரா பதிகிற மூன்றில் சிவப்புச் சேனல் மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் சுருக்கம், மடிப்பு, தோலின் மினுமினுப்பு எதுவும் இருக்காது, வெறும் சிவப்புப் பூச்சு. அதனால் மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு, எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), கேமரா சுருக்காமல் சேமிக்கிற ரா கோப்பில் எடுங்கள். போனில் என்றால் மிளகாயின் மேல் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, விரலால் கொஞ்சம் கீழே இழுங்கள், அதுவே போதும்.

இதே சிக்கல் செம்பசூச்சில் பூவிலும் வரும். நம் செண்டுப்பூவேதான் அது, அதன் பூர்வீகமே மெக்சிகோதான். நவம்பர் 1, 2 தேதிகளில் வருகிற இறந்தோர் நாளுக்கு முந்தைய நாட்களில் தலைநகரின் ஹமைக்கா பூச்சந்தைக்குப் போனால் ஆரஞ்சுக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு நிற்கும், பக்கத்திலேயே கருஞ்சிவப்புக் கோழிக்கொண்டைப் பூ. ஆரஞ்சு மட்டுமே நிறைந்த படத்தை விட, அந்தக் கருஞ்சிவப்பு ஒரு மூலையில் வந்து உட்கார்ந்த படத்தில்தான் ஆரஞ்சு எரிகிறது.

இந்தச் சந்தை இரவிலும் திறந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மெக்சிகோவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50. கேமராவில் விளக்கின் துடிப்பைச் சமாளிக்கும் ஃப்ளிக்கர் அமைப்பு 50-இல் இருந்தால் 60-க்கு மாற்றுங்கள், ஷட்டரை 1/60 அல்லது 1/125-இல் வையுங்கள். இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

எல்லா நிறத்தையும் ஒரே படத்தில் அடைக்கிற ஆசைதான் பெரிய எதிரி. பதினைந்து நிறம் இருந்தால் கண் எதிலும் நிற்காது. ஒரு பெண் நோபால் கள்ளியின் முள்ளைச் சீவுவதைப் பாருங்கள்: கத்தி மடலின் ஓரத்தில் சரசரவென்று ஓடும், முள் தெறிக்கும், அறுபட்ட இடத்தில் பச்சை ஈரமாக மின்னும், அவர் கட்டியிருக்கும் பூப்போட்ட ஏப்ரனின் நீலம் பின்னால் கலங்கலாகத் தெரியும். பச்சை, நீலம், ஒரு கை. 35 மி.மீ. லென்ஸில் எஃப்/4 வைத்து, ஷட்டர் 1/250-க்குக் குறையாமல், ஓரடி கிட்டே போய் எடுங்கள். ஈரப் பளபளப்பு அதிகமானால், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியை லென்ஸில் மாட்டிச் சுழற்றுங்கள், வெள்ளைத் திட்டுகள் அடங்கிப் பச்சை மேலே வரும். அது ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், நிழலில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றத் தயங்க வேண்டாம்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. முதலில் வாங்குங்கள், 20 பெசோவுக்கு எதையாவது. நாம் கொசுறு என்போமே, அங்கே அதற்குப் பிலோன் என்று பெயர். அந்தக் கூடுதல் பழத்தைக் கையில் வைக்கிற நேரம்தான் கேட்க நல்ல நேரம்: “புவேதோ தோமார் உனா ஃபோத்தோ?” படம் எடுக்கலாமா என்று பொருள். வேண்டாம் என்று தலையசைத்தால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள், தூரத்திலிருந்து ஜூம் போட்டுத் திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். வஹாக்கா மாநிலத்தின் த்லாகொலூலாவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து சபோத்தெக் பழங்குடிப் பெண்கள் வருவார்கள், பலருக்கு முகத்துக்கு நேரே லென்ஸ் நீட்டுவது பிடிக்காது. சியாபாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சமுலா ஊரின் தேவாலயத்துக்குள் படம் எடுப்பதற்கு அறவே தடை, சந்தையிலும் அதே மரியாதையோடு இருங்கள்.

வீடு திரும்பியதும் சாச்சுரேஷனை, அதாவது நிறங்களின் அடர்த்தியை, ஏற்றாதீர்கள். படத்தில் வெள்ளையாக இருந்த ஒன்றை, ஒரு பூண்டையோ பாலாடைக்கட்டியையோ, தேடி அதை வெள்ளையாக்குங்கள். அப்புறம் சிவப்பின் வெளிச்சத்தை மட்டும் லேசாகக் குறைத்துப் பாருங்கள், மிளகாயின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.