முதலில் கொடியைப் பாருங்கள்

டச்சுக்காரர்கள் ஹெர்ரிங் மீன் பிடிப்பதைக் காட்டும் ஓவியம் ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். நான் ஓவிய டீச்சர். ‘புயலில் பாய்மரம் முறிந்த கப்பல்’ என்று பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாகப்பட்டினத்தில் நாற்பது வருஷம் வலை விட்ட அப்பா ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “முறியலம்மா. மரத்தைச் சாய்ச்சுப் போட்டிருக்கான். வலைய விட்டுட்டுக் கிடக்கான்” என்றார். கடல் அமைதியாக இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

இந்த மாதிரி ஓவியத்தில் முதலில் கொடியைப் பாருங்கள். அது பறக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் காற்று வரும் திசை. அடுத்து அணியம், அதாவது கப்பலின் முன்பக்கம். வலை விட்ட கப்பலின் அணியம் காற்றை நோக்கியே நிற்கும். அங்கிருந்துதான் வலைக்கயிறு தண்ணீருக்குள் போகும். முன்னிரண்டு மரங்களையும் சாய்த்துவிட்டு, பின்மரத்தில் மட்டும் சின்னப் பாய் வைத்திருப்பார்கள். கப்பல் திரும்பிவிடாமல் பிடிப்பது அந்தப் பாய்தான். இந்தக் கப்பலுக்கு அவர்கள் பாஷையில் ‘பாய்ஸ்’ என்று பெயர். நம்ம பாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வலையைத் தேடாதீர்கள், தெரியாது. திரைச்சீலை போலத் தண்ணீருக்குள் தொங்கி, மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலை அது. சாயங்காலம் விட்டு விடியலில் இழுப்பார்கள், ஹெர்ரிங் இராத்திரியில் மேலே வரும் என்பதால். வரிசையாக மிதக்கும் புள்ளிகள் தெரிந்தால் அவை மிதவைகள்.

தளத்தில் பீப்பாய்களைப் பாருங்கள். ஹெர்ரிங் நம்ம மத்திக்குப் பங்காளி, பிடித்ததும் கெடும். அதனால் கப்பலிலேயே சின்னக் கத்தியால் செவுளையும் குடலில் ஒரு பகுதியையும் எடுப்பார்கள். கணையத்தை விட்டுவிடுவார்கள், அதன் நொதிதான் மீனைப் பக்குவப்படுத்தும். அப்புறம் உப்பு, மீன், உப்பு என்று அடுக்குவார்கள். நம்ம கருவாடு வெயிலில் காய்கிறது, அது தன் உப்புநீரிலேயே ஊறுகிறது. அந்த உப்பும் போர்ச்சுகல், பிரான்ஸ் என்று வெளியிலிருந்து வந்தது. வேதாரண்யத்தைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு இது வேடிக்கைதான்.

பீரங்கித் துளைகள் உள்ள கப்பல் நின்றால் அது காவலுக்கு வந்தது. மீனில் அவ்வளவு காசு. இன்றைய பிரான்ஸில் இருக்கும் டன்கிர்க் துறைமுகத்துக் கொள்ளைக் கப்பல்கள் காத்திருக்கும்.

வண்ணமே இல்லாத ஓவியம் கிடைத்தால் விடாதீர்கள். மூத்த வில்லெம் வான் டி வெல்டெ (1611–1693) வெள்ளை பூசிய பலகையில் பேனாவும் மையும் கொண்டே கடலை வரைந்தவர். ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிய படங்களாகவே இலவசமாக இறக்கலாம். போனில் இழுத்துப் பெரிதாக்கி, ஒரு கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு மரத்திலிருந்து தண்ணீர்வரை போய்ப் பாருங்கள். நானும் அப்பாவும் அப்படித்தான் பார்க்கிறோம். பாதி வழியில் அவர் முடிச்சு சரியில்லை என்று ஆரம்பித்துவிடுவார்.