வீட்டுவேலைப் பெண்களைச் சங்கமாகச் சேர்ப்பது எப்படி

சங்கம் ஆரம்பிக்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் மண்டபம் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். மைக், பேனர், பேச்சாளர் எல்லாம் தயாராகிவிடும். வேலைக்குப் போகிற பெண்கள்தான் வரமாட்டார்கள். வலங்கைமானிலிருந்தும் நாச்சியார்கோயிலிலிருந்தும் விடிகாலை டவுன் பஸ் ஏறி, கும்பகோணத்தில் மூன்று நாலு வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்த்து, துணி அலசி, வீடு துடைத்து, மத்தியான பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்புகிற பெண்ணைச் சாயங்காலம் மண்டபத்துக்கு வா என்றால் எப்படி வருவாள்? மத்தியான பஸ்ஸுக்காக அவர்கள் காத்திருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள். கால் மணி நேரம் கிடைக்கும். அது போதும்.

நானும் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வேலை செய்தவள். இப்போது முட்டிவலியால் வீடுகளைக் குறைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தைச் சங்க வேலைக்குக் கொடுக்கிறேன். பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ இதே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் பகுதியில் ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் பேசப்போகிற பெண் பாதி விவசாயத் தொழிலாளி. நடவு மெஷினும் அறுவடை மெஷினும் வந்த பிறகு வயலில் பெண்ணாளுக்கு வேலை குறைந்துபோனது. 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, டவுனுக்கு வேலைக்கு வந்தால் கையில் கொஞ்சம் மிஞ்சுகிறது. ஆனாலும் சம்பா களையெடுப்பு வந்தால் ஊரில் கூப்பிடுவார்கள், போகாமலும் இருக்க முடியாது. இரண்டு நாள் போய்விட்டு வந்தால் டவுன் வீட்டில் வேறு ஆள் நிற்பாள். அவள் யாரோ இல்லை, பக்கத்துத் தெருக்காரியாகவே இருப்பாள். சங்கத்துக்கு முதல் தடங்கல் இதுதான்: நம்மில் ஒருத்தி விட்ட வேலையை நம்மில் இன்னொருத்தி குறைந்த சம்பளத்துக்குப் பிடித்துக்கொள்வது.

அதனால்தான் சொல்கிறேன், முதல் கோரிக்கையாகச் சம்பளத்தை எடுக்காதீர்கள். லீவை எடுங்கள்.

காரணம் இருக்கிறது. ஒருத்தி என்ன வாங்குகிறாள் என்று இன்னொருத்திக்குச் சொல்லமாட்டாள். ஒரு வீட்டில் பாத்திரம் மட்டும், இன்னொரு வீட்டில் சமையலும் சேர்த்து, மூன்றாவது வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவரைக் கவனிக்கிற வேலை. எடுத்தவுடனே சம்பளம் பேசினால், அதிகம் வாங்குகிறவள் வாயை மூடிக்கொள்வாள், குறைவாக வாங்குகிறவள் வெட்கப்படுவாள். லீவு அப்படி இல்லை. ஒருத்திக்குக்கூடச் சம்பளத்தோடு வார லீவு கிடையாது. மாதம் நாலு நாள், சம்பளம் பிடிக்காமல். இதை எல்லோரும் ஒரே குரலில் கேட்க முடியும்.

கேட்கிற விதமும் முக்கியம். இந்த ஊரில் பல வீடுகளில் வயதான இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள், பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ. நாம் ஒரு நாள் போகாவிட்டால் அவர்களுக்கு நிஜமாகவே சிரமம். அதைத் தெரிந்துகொண்டே பேசலாம். நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: “மாமி, மாசம் நாலு நாள் லீவுன்னு இந்தத் தெருவுல எல்லாரும் கேக்கறோம். எந்த நாள்னு நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு நான் வரலேன்னா பதில் ஆள் வெக்க வேண்டாம், மறுநாள் வந்து பாக்கறேன்.” நாளை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு தெருவுக்குள்ளே எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பதுதான் இதில் சூட்சுமம். ஒருத்தி மட்டும் கேட்டால் அது திமிர், பத்துப் பேர் கேட்டால் வழக்கம். கூடவே ஒரு உறுதிமொழியும் வாங்கிக்கொள்ளுங்கள். லீவு கேட்டதற்காக ஒருத்தியை நிறுத்தினால், அந்த வீட்டு வேலையை மற்றவர்கள் யாரும் ஏற்கக் கூடாது.

இந்த மண்ணுக்கு இது புதிதில்லை. பண்ணையாட்கள் செங்கொடி பிடித்த காலத்தில் சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கிற சாணிப்பாலும் நிற்க வேண்டும் என்ற கோரிக்கை கூலிக்கு இணையாக முன்னால் நின்றது. அப்புறம் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை உயிரோடு எரித்தார்கள். அடுத்த வருஷம் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. எங்கள் பாட்டிமார் அந்தக் கூலியை வாங்கியவர்கள். பேத்திகள் வேலை செய்கிற அடுப்படிக்கும் அப்படியொரு முழுச் சட்டம் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

லீவு கிடைத்த தெருவில் சம்பளக் கணக்கை எடுக்கலாம். இதற்கு ஒரு சின்ன நோட்டு போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி. இடது பக்கம் தேதி, போன நேரம், வந்த நேரம். வலது பக்கம் மூன்று விஷயம்: வாங்கின சம்பளம், வாங்கின முன்பணம், கழித்தது. எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதுவார்கள். ஒருத்தியின் நோட்டை ஒருமுறை நானே உட்கார்ந்து கூட்டினேன். மகளுக்குக் காது குத்த வாங்கிய முன்பணம் மாதாமாதம் கழிக்கப்பட்டு எப்போதோ தீர்ந்திருந்தது, கழிப்பு மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் நோட்டைக் காட்டியதும் அவர் பேசாமல் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து கொடுத்தார். வாயால் சொல்லியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் வீட்டுவேலைக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு. 2018-ல் அரசு மணிக்கணக்கில் நிர்ணயித்தது. அகவிலைப்படி சேர்ந்து தொகை மாறும் என்பதால், இன்றைய தொகையைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை ஜெராக்ஸ் போட்டு ஒவ்வொரு நோட்டின் அட்டைக்குள்ளும் ஒட்டுங்கள். மணிக்கணக்கில் கூலி என்பதால்தான் போன நேரமும் வந்த நேரமும் எழுதச் சொல்கிறேன்.

அடுத்தது நலவாரிய அட்டை. தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007-லிருந்து இருக்கிறது. பதினெட்டிலிருந்து அறுபது வயது வரை பதியலாம், கட்டணம் கிடையாது. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பிரசவம், கண்ணாடி, விபத்து, மரணம் இவற்றுக்கு உதவித்தொகை உண்டு, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோ, ஓடிபி வருகிற செல்போன், வாரிசுதாரர் விவரம் இவை கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். பெரும்பாலும் இடறுவது பெயரில்தான். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பணிச்சான்றில் கையெழுத்துப் போட வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள், ஏதோ கேஸ் வந்துவிடும் என்று. அவர்களைக் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். வேறு யாருடைய சான்று செல்லும் என்று தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்டு அந்த வழியில் போங்கள். அட்டை கைக்கு வந்ததும் புதுப்பிக்க வேண்டிய தேதியைச் சங்கப் பதிவேட்டில் குறித்து வையுங்கள். புதுப்பிக்காமல் விட்டு, ஆள் இறந்த பிறகு குடும்பம் ஓடி அலைவதை நிறையப் பார்த்துவிட்டோம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு ஒன்றிய அரசு தருகிற இ-ஷ்ரம் அட்டை வேறு, இது வேறு. இரண்டும் இருக்கட்டும்.

திருட்டுப் பழி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீட்டில் மோதிரம் காணோம் என்றால் முதல் சந்தேகம் யார்மேல் என்று எல்லோருக்கும் தெரியும். வேலை போவதோடு முடியாது, தெருவே சேர்க்காது. புகார்கூடக் கொடுக்காமல், மிரட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாக்கிச் சம்பளம் தராமல் அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. உங்கள் பெண்களுக்கு இந்த நாலையும் மனப்பாடம் ஆகும்வரை சொல்லுங்கள். ஒன்று, உடம்பைச் சோதிக்கவோ அறையில் பூட்டி வைக்கவோ வீட்டுக்காரர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. இரண்டு, விசாரணைக்கு என்று பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவள் இருக்கிற வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு அதைச் சொல்கிறது. மூன்று, பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான நிலைமை என்றால் பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நாலு, படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது.

பழி விழுந்த பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தவுடனே சங்கத்திலிருந்து இரண்டு பெண்கள் அவள் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். வக்கீல் கிடைப்பது ராத்திரியில் கஷ்டம்தான், ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே மிரட்டல் பாதி அடங்கும். மறுநாள் காலை சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். போன் எண் 15100.

பாலியல் தொல்லைக்கும் சட்டம் இருக்கிறது. 2013-ஆம் வருஷச் சட்டம், வேலை செய்கிற வீட்டையும் பணியிடமாகக் கணக்கில் எடுக்கிறது. புகாரை மாவட்டத்தில் உள்ள உள்ளூர்ப் புகார் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் குழு அதை ஏழு நாளுக்குள் போலீசுக்கு அனுப்ப வேண்டும். இந்தச் செய்தியைக் கும்பலில் சொல்லாதீர்கள். வயதில் மூத்த ஒரு அக்காவை இதற்கென்றே நியமியுங்கள், யாரும் தனியாகப் போய்ப் பேசும்படி. உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு எப்போது அமைக்கப்பட்டது, உறுப்பினர்கள் யார், எத்தனை கூட்டம் நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வாரியத்தில் எத்தனை வீட்டுப் பணியாளர் பதிந்திருக்கிறார்கள் என்பதையும் அதே மாதிரி கேளுங்கள். பதிலாக வருகிற எண்ணிக்கைதான் உங்கள் பிரச்சாரத்தின் சரக்கு. பத்திரிகைக்காரர்கள் புலம்பலை எழுதமாட்டார்கள், அரசே கொடுத்த எண்ணிக்கையை எழுதுவார்கள்.

தெருவில் ஆள் சேர்ந்ததும் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யுங்கள். பெரிய சங்கத்தோடு இணைவதா, தனியாகவா என்று கேட்பார்கள். என் அபிப்பிராயம், இணைந்தாலும் பொருளாளர் வீட்டுவேலை செய்கிற பெண்ணாகவே இருக்கட்டும். சந்தாக் கணக்கு நம் கையில் இருக்கிறவரை சங்கம் நம்முடையது.

பெரிய கோரிக்கைகளை எங்கே வைப்பது? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில், ஊரில் கிராம சபையில், எம்.எல்.ஏ. தொகுதிக்கு வரும்போது அவர் கையில். கோரிக்கை துல்லியமாக இருக்கட்டும். வேலைக்கு வைக்கிறவரும் பதிவு செய்ய வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வார லீவு சட்டமாக வேண்டும், வேலை கொடுப்பவரின் பங்களிப்போடு வாரியத்துக்கு நிதி வேண்டும். 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளருக்கான 189-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது, ஆனால் அதற்குக் கட்டுப்படுவதாக இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளருக்குத் தனிச்சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. இரண்டையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். பதில் பெரும்பாலும் “உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்று ஒரு வரியில் வரும். அந்தக் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டு, அதன் எண்ணையும் தேதியையும் முதல் வரியாக வைத்து அடுத்த மனுவை அந்த உரிய துறைக்கே எழுதுங்கள்.